முன் அனுபவம்

கல்லடியில் ஒருகாலம் நெல் களஞ்சியமாய் இருந்த மண்டபம்.
தவிட்டு மணம் இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை.
பத்து மீற்றருக்கு அப்பால் ஒரு விளக்கு,
விளக்கின் கீழே ஒரு கடதாசி,
கடதாசியின் நடுவில் கறுப்பு,
கறுப்பின் நடுவில்
சட்டைப் பித்தான் அளவில் பத்து.

மெல்வின் செலர், பகலில் வங்கிக் காசாளர்,
மேசையில் பச்சைத் துணி விரித்து
மூன்றை வரிசையாய் வைத்தார்.
"காத்துத் துவக்குத்தான் மிஸ், பயப்பட ஒண்டுமில்ல.
எத வேணுமெண்டாலும் தூக்கிப் பாருங்க.
வாய் மட்டும் எப்பவும் கடதாசிப் பக்கம்."

துவக்கின் வாய்.
அந்தச் சொல்லை முதல்முறை கேட்பவள் போல்
தலையாட்டினேன்.

படிவத்தில் எட்டாம் கேள்வி:
துவக்கில் முன் அனுபவம் உண்டா?

ஆறு வயதில் நான்
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்:
இது ஆற்றுக்கு அந்தப் பக்கம்,
இது இந்தப் பக்கம்,
இது வெறும் கலியாண வீட்டுச் சீனவெடி.
தம்பிக்கு அது பிரித்தறியத் தெரியாது.
அவன் தலைக்கு மேலே சுளகைப் பிடிப்பேன்.
சுளகை!
படிவத்தில் விட்டிருந்தது ஒன்றரை அங்குலக் கோடு.
"இல்லை" என்று எழுதினேன்.

முதலாவது அழகு. கறுப்பு. மழமழப்பு.
பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி
அம்மா முன்னே நடந்த நாட்களில்
என் கண் இருந்தது இடுப்புகளின் உயரத்தில்.
அந்த உறைகளுக்குள் இருந்தவற்றின் சாடை அப்படியே.
கை எடுத்தது.
தோள் எடுக்கவில்லை.
"நல்ல சாமான், ஆனா நுனிப்பாரம் உங்களுக்கு" என்றார் செலர்.
வேறொரு காரணம் கண்டுபிடித்துத் தந்ததற்கு
நன்றி அவருக்கு.

இரண்டாவதற்கு மரப்பிடி.
யாரோ ஒருவரின் கைக்கென்றே அரத்தால் ராவியது.
பெருவிரல் கிடக்க ஒரு பள்ளம்;
அதில் என் விரல்
அப்பாவின் சப்பாத்துக்குள் போன கால்.
"பிடி பெரிசெண்டா நீங்க சுடமாட்டீங்க மிஸ்,
பிடிதான் சுடும்."
அதோடு அது சோத்துக்கைக்காரருக்கு.
நானோ சோற்றைத் தவிர எல்லாம் பீச்சாங்கை.
அதற்கு வாங்கியதெல்லாம்
இரண்டாம் வகுப்பு அடிமட்டத்துக்குத் தெரியும்.

மூன்றாவது
துவக்குப் போலவே இல்லை.
தண்ணீர்ப் பம்பியிலிருந்து கழற்றிய ஏதோ ஒன்று,
அல்லது பல் வைத்தியரின் தட்டில் கிடப்பது.
காற்றடைத்த குழாயில் வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தது.
இடக்கைப் பிடி.
ஆரையம்பதிப் பிள்ளை ஒருத்தி பாவித்ததாம்,
கலியாணம் முடித்து கனடா போகையில்
விற்கச் சொல்லி விட்டுப் போனாளாம்.
பாதி விலை. மாசம் எட்டாயிரமாய்க் கட்டலாம்.

உயர்த்தினேன்.
மணிக்கட்டு தன்பாட்டில் நேராகியது.
முன்குறி பின்குறியின் வெட்டுக்குள் இறங்கி நிற்க
இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம்.
கறுப்பு மங்கினால் மங்கட்டும்,
குறி தெளிவாய் இருந்தால் போதுமாம்.
விசையின் பாரம் ஐந்நூறு கிராமாம்.

அரைக் கிலோ சீனி.
ஒரு விரலால் அரைக் கிலோ சீனியை
மெல்ல இழுப்பது.
இவ்வளவுதானா?
இவ்வளவுதானா
அவர்கள் எல்லாருக்கும் இருந்தது?

சுடச் சொல்லும் கட்டளை இங்கே "தொடங்கு."
"துவக்கு" என்றுதான் முதலில் வைத்திருந்தார்களாம்,
புதியவர்கள் எல்லோரும்
எந்தத் துவக்கு என்று திரும்பிப் பார்த்ததால்
மாற்றினார்களாம்.
செலர் சிரித்தார். நானும்.

தொடங்கு.

இரவு அம்மா கேட்டாள்,
"எங்ககா வைப்பாய் அத?"
கிளப்பிலதான். இரும்பு அலுமாரி. இரண்டு திறப்பு.
ஒன்று அவர்களிடம்.
"அப்ப சரி."
கத்தரிக்காய் தொடர்ந்து துண்டு துண்டாய்ச் சட்டிக்குள்.
மறுகா, திரும்பாமலே:
"எத்தின பட்டுச்சி?"
அஞ்சுக்கு ரெண்டு, என்றேன்,
கொஞ்சம் பெருமையாகத்தான்.

கத்தி நின்றது.

"மத்த மூண்டும்
எங்க போச்சி?"